பென்சில் தேதிகள்

மே 6, 2019, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். பொன்னொலி புக்ஸ் அண்ட் மியூசிக், திருச்சி தலைமைக் கடை, மூன்றாம் மாடி. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்களாம். அதற்குள் ஒரு தவறும் செய்துவிடக் கூடாது. யார் என்ன சொன்னார்கள் என்பது மறக்காமல் இருக்கத்தான் இந்த நாட்குறிப்பு.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வரலாறு படித்தவளுக்கு வரலாறு எழுதும் வேலையே கிடைக்கும் என்று கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. நிறுவனத்துக்கு முப்பத்தைந்து ஆண்டு நிறைவதால் மலர் போடுகிறார்கள். நான் பழைய ஊழியர்களிடம் பேசி, நிறுவனம் வளர்ந்த கதையைத் தொகுக்க வேண்டும்.

வேலையைக் கொடுத்தவர் சுதர்சன் சார். சென்னை அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார். பணியாளர் பிரிவு மேலாளர். மலருக்கு எதற்குப் பணியாளர் பிரிவு மேலாளர் என்று தோன்றியது. கேட்கவில்லை.

ஒரு கட்டு படிவம் தந்தார். பெயர், சேர்ந்த தேதி, வேலை பார்த்த கிளைகள், இடையில் பணியில் இல்லாத காலம், கையெழுத்து.

"முதல்ல பேச விடுங்க. ஃபார்மைக் கடைசியில எடுங்க. இல்லன்னா இயல்பாப் பேச மாட்டாங்க" என்றார்.

ஏழு மாடி நிறையப் புத்தகம் விற்ற நிறுவனம். அவர் மேசையில் ஒன்றுகூட இல்லை.

மே 8, புதன்

நாள் முழுக்கப் பழைய வருகைப் பதிவேடுகள். தூசியில் தும்மல். மதியம் தயிர்சாதம், ஊறுகாய் கசிந்து பையெல்லாம் எண்ணெய்.

இரண்டாம் மாடியில் சகாயமேரி அக்காவிடம் போனேன். இசைப் பிரிவு. இப்போது அங்கே குறுந்தகடு ஒரே ஒரு அலமாரிதான். மீதியெல்லாம் பள்ளிக்கூடப் பையும் பொம்மையும். பெயர்ப்பலகையில் மட்டும் இசை இருக்கிறது. அக்காவுக்கு ஐம்பது இருக்கும். 1992-இல் சேர்ந்தவர்.

"அக்கா, மலருக்காக..."

"மலரா? பூக்கடை எதிர்வாடையில இருக்கு பாப்பா" என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார்.

மே 11, சனி

ஷாகுல் அண்ணன் பேசினார். குடோன் பொறுப்பாளர். நோன்பு என்பதால் எனக்கு மட்டும் டீ வரவழைத்தார். என் பெயரைக் கேட்டார். ஆனால் "ஹிஸ்டரி" என்றுதான் கூப்பிடுகிறார்.

அவர் சொன்னது: 1984-இல் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரே அறை. ஒரு பக்கம் கேசட் பதிவு செய்யும் இயந்திரம். பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் மறுநாள் பதிந்து தருவார்கள். காத்திருப்பவர்கள் சும்மா நிற்கிறார்களே என்று முதலாளி தனுஷ்கோடி எதிர்ச்சுவரில் நாற்பது புத்தகம் வைத்தார். பாட்டுக்கு வந்தவர்கள் புத்தகம் வாங்கிப் போனார்கள். பிறகு தஞ்சாவூர், கும்பகோணம், கரூர் என்று பதினாலு கிளை. இப்போது ஒன்பது. முதலாளி இறந்து மூன்று வருடமாகிறது. மகன் சென்னையோடு சரி.

"கிளை தொறக்கணும்னா நாலு பேரப் பொறுக்குவாரு. நல்லா வேலை செய்யிறவனாப் பாத்துதான். இந்தக் கடை ரிஜிஸ்டர்ல எங்க பேரை அடிச்சிருவாங்க. புதுக்கடை ரிஜிஸ்டரு திறப்பு விழா அன்னைக்குத்தான் ஆரம்பிக்கும்."

"நடுவுல?"

"நடுவுல பாலக்கரை குடோன்ல உக்காந்து புத்தகம் பிரிப்போம். கட்டடம் முடியிற வரைக்கும். மூணு மாசமும் ஆகும், எட்டு மாசமும் ஆகும். சம்பளம் கையிலயே."

"அந்த மாசம் எதுலயும் உங்க பேர் இருக்காதா?"

"எதுக்கு ஹிஸ்டரி? எங்கள அவருக்குத் தெரியும். அவர எங்களுக்குத் தெரியும்."

குடோன் வழக்கம் ஒன்றும் காட்டினார். கட்டைப் பிரிப்பவர் ஒவ்வொரு புத்தகத்தையும் புரட்டிப் பார்த்து, கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில் பென்சிலால் தன் முதலெழுத்தையும் தேதியையும் போட வேண்டும். தாள் குறைந்தால் யார் பார்த்தது என்று தெரியும். முதலாளி வைத்த வழக்கம். தாள் போன ஒரு புத்தகத்தையும் பிரித்துக் காட்டினார். "ஒரு தாளக் கிழிச்சா அதோட ஜோடித் தாளும் கழண்டுரும். தையல் அப்படி."

கடைசியில் படிவத்தை எடுத்தேன். அவர் கதையை மலருக்கான தனி நோட்டில் எழுதியிருந்தேன். படிவத்தில் 2010-இல் நான்கு மாதம் 'பணியில் இல்லை' என்று பதிவேட்டைப் பார்த்து நிரப்பினேன். பதிவேட்டைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும் என்பது சார் சொன்னது. அண்ணன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மே 14, செவ்வாய்

சார் படிவங்களை வாங்கிக்கொண்டார். நோட்டை நீட்டினேன். "அது இருக்கட்டும்" என்றார்.

மே 17, வெள்ளி

சகாயமேரி அக்கா எதையோ மறைக்கிறார் என்று நினைக்கிறேன். இன்று புதுக்கட்டு வந்தது. கணினி வந்த பிறகு பென்சில் வழக்கத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள். இவர் மட்டும் விடவில்லை. ஒவ்வொரு புத்தகமாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், எழுதினார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்ததும் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டார். இரண்டு புத்தகத்தைத் தனியே எடுத்து வைத்தார். ஏன்?

என்னிடம் பேச மாட்டேன் என்பவர் வேறு யாரிடமும் பேசுவதாகவும் தெரியவில்லை.

மே 18, சனி

சுதர்சன் சாரிடம் சொன்னேன். சகாயமேரி அக்கா புத்தகங்களில் பென்சிலால் எழுதுகிறார், பழைய சரக்கு முழுவதிலும் அந்தந்த ஆளின் குறி இருக்கிறது என்றேன்.

"வெறும் பேரா?"

"தேதியும் சார்."

"தேதியுமா?"

நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்தார். பிறகு, "குட். உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றார்.

அறைக்கு வந்து இரண்டு சுடிதார் துவைத்தேன். விடுதியில் தண்ணீர் ஒரு வேளைதான் வருகிறது.

மே 20, திங்கள்

சுற்றறிக்கை: புத்தகங்களில் பென்சில், பேனா எதனாலும் எழுதக் கூடாது. மீறினால் நடவடிக்கை.

அக்கா தனியே எடுத்து வைத்த இரண்டும் அட்டை மடங்கியவை. பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பத்தான் வைத்திருக்கிறார்.

மே 24, வெள்ளி

அம்மா பேசினாள். நெல் மண்டியில் அப்பா யாரைப் பார்த்தாலும், "எம் மவ எழுத்து வேலை பாக்குறா, ஏசி ரூம்பு" என்று சொல்கிறாராம். "நிரந்தரம் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டாள். சேர்ந்து பதினெட்டு நாள்தான் ஆகிறது என்றேன். "அதான் கேக்குறேன்" என்றாள்.

மே 28, செவ்வாய்

அக்கா பேசிவிட்டார்.

பொம்மை அலமாரிக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின்னைப் பார்த்தேன். உள்ளே பழைய பாட்டுப் பட்டியல்கள், நூற்றுக்கணக்கில், ரப்பர் வளையம் போட்டு. "இதெல்லாம் நீங்க பதிஞ்சதா அக்கா?" என்றேன். நான் சீட்டுகளை எடுத்துப் பார்த்து வைப்பதைக் கவனித்தவர், ஒன்றை உருவிக் கொடுத்தார். பன்னிரண்டு வரி. பன்னிரண்டிலும் ஒரே பாட்டு.

"ரெண்டு பக்கமும் இதே பாட்டு வேணும்னாரு. அறுபது நிமிஷம். போட்டுக் குடுத்தேன்."

"ஏன்னு கேக்கலியா?"

"எதுக்குக் கேக்கணும்? நீதான் எல்லாத்துக்கும் ஏன்னு பாத்துக்கிட்டே இருக்க. ஒரு நாளாச்சும் நேராக் கேட்டியா?"

என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "உக்காரு" என்றார்.

புதுக்கோட்டைக் கிளை திறந்தது 2011-இல். அதற்குத் தேர்ந்தெடுத்த நால்வரில் இவர் ஒருவர். மார்ச்சில் பெயரை அடித்தார்கள்; கட்டடம் முடிந்து திறக்க அக்டோபர் ஆகிவிட்டது. ஏழு மாதம் குடோனில். மின்வெட்டு, விசிறி ஓடாது, புத்தக அட்டையால் விசிறிக்கொண்டே ஒன்பதாயிரம் புத்தகம் பிரித்தார்களாம். மகனுக்கு அம்மை போட்டிருந்த நாளிலும் வந்தார். "நான் வரலைன்னா பாடப்புத்தகம் ஜூன்ல மத்த கடைக்குப் போகாது பாரு."

நோட்டில் ஆறு பக்கம் எழுதினேன். அதன் பிறகு படிவத்தை எடுத்தேன்.

"இது என்ன, மார்ச்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் நான் வேலையிலேயே இல்லைன்னு?"

"ரிஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்கு அக்கா. நீங்க சொன்னது நோட்டுல இருக்கு. மலர்ல அதுதான் வரும்."

கையெழுத்துப் போட்டார். நான் சொன்னதை நம்பித்தான் போட்டார். எனக்கும் அப்படித்தான் தெரியும்.

மே 30, வியாழன்

டை கட்டிய இரண்டு பேர் நாடா பிடித்து இரண்டாம் மாடியை அளந்தார்கள். சார் கூடவே நடந்தார். "ரினவேஷன்" என்றார். அளந்தவர்கள் அலமாரிகளை அளக்கவில்லை. சுவர்களை மட்டும் அளந்தார்கள்.

ஜூன் 3, திங்கள்

பாலக்கரை குடோனில் உள்ள பழைய சரக்கு முழுவதையும் காகித ஆலைக்கு அனுப்ப உத்தரவு. பதினான்காம் தேதி காலை லாரி. மூடிய ஐந்து கிளைகளிலிருந்து திரும்பி வந்த புத்தகங்கள் அவை.

பழைய சரக்கை எந்தக் கடையும் ஒரு நாள் கழிக்கத்தான் செய்யும். மே 18-க்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

ஜூன் 6, வியாழன்

நேற்றுப் பெருநாள். ஷாகுல் அண்ணன் எல்லோருக்கும் டப்பாவில் சேமியா கொண்டுவந்தார்.

சார் நோட்டைக் கேட்டார். ஒரு மாதமாகக் கேட்காதவர். "பத்திரமா வெச்சுத் தரேன்." கொடுத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

நோட்டு திரும்பி வரவில்லை.

ஜூன் 10, திங்கள்

நோட்டைப் பற்றிக் கேட்கலாம் என்று அறை வாசல் வரை போனேன். உள்ளே காகிதம் நறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிவிட்டேன். அது வேறு ஏதாவது காகிதமாக இருக்கும்.

ஜூன் 12, புதன்

நிறுவனத்தை விற்றுவிட்டார்கள். காலையில் எல்லோரையும் கீழ்த்தளத்தில் நிற்க வைத்து சார் படித்தார். வாங்குபவர்களோடு ஒப்பந்தம்: இடைவெளி இல்லாமல் பத்து வருடம் வேலை பார்த்தவர்களை அப்படியே வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஜூன் 30 கடைசி நாள்.

மற்றவர்கள் பதினொரு பேர். பெயரை வாசித்தார். ஷாகுல், சகாயமேரி... எல்லோரும் கிளை திறக்கப் போனவர்கள். ஒரே நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தவர்கள் பெயர் ஒன்றும் அதில் இல்லை.

"இருபத்தேழு வருசம் சார்" என்றார் அக்கா.

"இடைல ஏழு மாசம் நீங்க வேலையிலயே இல்ல மேடம். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அக்கா சாரைப் பார்க்கவில்லை. என்னைத் தேடிப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

ஜூன் 13, வியாழன்

இரவு முழுக்க யோசித்ததில் ஒன்று தெரிந்தது. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை அக்கா வேலை பார்த்ததற்குப் பதிவேட்டில் சாட்சி இல்லை. என் நோட்டு போய்விட்டது. ஆனால் மூடிய புதுக்கோட்டைக் கிளையில் விற்காமல் திரும்பி வந்த புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நாளைக் காலை அது ஆலைக்குப் போகிறது.

மதிய இடைவேளையில் ஆட்டோ பிடித்துப் பாலக்கரை போனேன். ஷாகுல் அண்ணன் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஹிஸ்டரி, இன்னும் ஏதாச்சும் கையெழுத்து பாக்கியா?"

எதற்கு வந்தேன் என்று சொன்னேன். எழுந்து, கத்தியால் மூட்டைக் கயிற்றை அறுத்தார். இருவரும் கடைசிப் பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனோம். நல்ல புத்தகமெல்லாம் விற்றுப்போயிருந்தது. யாருக்கும் வேண்டாதவைதான் மிஞ்சியிருந்தன: கோழிப்பண்ணைக் கையேடு, பழைய கணினிப் பாடம், 2011-ஆம் வருடத்து ராசிபலன். ராசிபலனின் கடைசிப் பக்கத்தில் "ச.மே. 2.5.11". கோழிப்பண்ணையில் "ச.மே. 17.6.11". ஷாகுல் அண்ணனின் 2010-ஆம் வருடக் குறியும் கிடைத்தது. மற்றவர்களுக்கும் ஒவ்வொன்றாக. முப்பத்திரண்டு புத்தகம்.

பையில் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "அப்படியே எடுத்துட்டுப் போனா நாளைக்கே நம்மளத் திருட்டுக் கேசுல வெப்பானுங்க. கடைக்குக் கொண்டு போ. பில்லுப் போட்டு எடு."

கழிவு விலைதான், ஒன்று பத்து ரூபாய். கடையில் அந்த நேரம் பில் போடுமிடத்தில் சகாயமேரி அக்காதான் இருந்தார். நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. புத்தகங்களை மேசையில் வைத்தேன்.

"கோழி வளக்கப் போறியா?"

அவர் முதல் புத்தகத்தை எடுத்தார். பழக்கத்தில் கை கடைசிப் பக்கத்தைத் திருப்பியது. நின்றது. அடுத்ததைத் திருப்பினார். அதற்கடுத்ததை. பின்னால் நின்றவர், "கொஞ்சம் சீக்கிரம்மா" என்றார். அக்கா முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் பில் போட்டார். பில்லில் புத்தகப் பெயருக்குப் பக்கத்தில் அது போயிருந்த கிளையின் எண் வந்தது.

"பை வேணுமா?" என்று கேட்டார்.

ஜூன் 14, வெள்ளி

லாரி போய்விட்டது. ஷாகுல் அண்ணன்தான் கதவைச் சாத்திக் கொடுத்தாராம்.

ஜூன் 17, திங்கள்

சார் கூப்பிட்டார். எனக்கு நிரந்தர நியமனக் கடிதம். ஒன்றரை மாதத்திலேயே. புதிய நிறுவனத்தில், சென்னையில். கூடவே இன்னொரு தாள்: படிவங்களின் நோக்கத்தை ஊழியர்களிடம் விளக்கிச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்கினேன் என்று நான் எழுதிக் கொடுப்பது போல.

"அம்மாகிட்ட கேட்டுட்டு வரேன் சார்."

"இதுல அம்மாகிட்ட கேக்க என்ன இருக்கு?" என்று சிரித்தார். வெள்ளிக்கிழமை வரை நேரம் தந்தார்.

அம்மாவிடம் கடிதம் வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அப்பா ஃபோனை வாங்கி, "சென்னையா?" என்று மூன்று முறை கேட்டார்.

ஜூன் 18, செவ்வாய்

அக்காவிடம் போய்ச் சொன்னேன். பென்சில் விஷயத்தை சாரிடம் சொன்னது நான்தான். அதனால்தான் சரக்கு ஆலைக்குப் போனது.

"தெரியும்" என்றார். "அன்னைக்கு என் பக்கத்துல நின்னது நீ ஒருத்திதான். திங்கக்கிழமை சர்க்குலர் வருது. எனக்கு என்ன கணக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் எங்கிட்ட பேசுனீங்க?"

"நீ அந்தச் சீட்டெல்லாம் பாத்த விதம். ஒண்ணையும் மடக்காம எடுத்து மடக்காம வெச்ச." பொம்மைக்கு விலை ஒட்டிக்கொண்டே சொன்னார். "அதுக்காக உன்ன மன்னிச்சுட்டேன்னு எழுதிராத. எம் பையன் இப்பத்தான் ரெண்டாவது வருசம் படிக்கிறான். நீ வாங்கிட்டு வந்த கோழிப் புத்தகத்த நம்பித்தான் இருக்கோம்."

அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

விடுப்புப் போட்டேன். பதினொரு பேரோடும் தொழிலாளர் நல அலுவலகம் போனோம். அங்கிருந்த அம்மையார் புத்தகங்களையும் பில்லையும் வெகுநேரம் பார்த்தார்.

"தேதி இருக்கு. வேலை பாத்தது தெரியுது. ஆனா பென்சில் எழுத்துத்தானே, நேத்து எழுதினதுன்னு அவங்க சொல்லுவாங்க. இந்தக் குறிங்க முன்னாடியே இருந்துச்சு, நிர்வாகத்துக்கும் தெரியும், ஃபார்ம மலருக்குன்னு சொல்லித்தான் வாங்கினாங்க. இதுக்கெல்லாம் அப்பவே எழுதினது ஏதாவது இருக்கா? இப்ப உக்காந்து எழுதித் தர்றது செல்லாது."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த நாட்குறிப்பு என் பையில்தான் இருந்தது.

"நாளைக்குக் கொண்டு வரேன் மேடம்" என்றேன். அவர் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன்.

ஜூன் 21, வெள்ளி

காலையிலேயே குளித்துவிட்டு முதலிலிருந்து படித்தேன்.

எல்லாம் இருக்கிறது. மலர் என்று சொன்னது, படிவத்தைக் கடைசியில் எடுக்கச் சொன்னது, "தேதியுமா?" என்று முன்னால் வந்தது. அதே மே 18-இல்தான் நானும் இருக்கிறேன். இதை எத்தனையோ பேர் படிப்பார்கள். அக்காவின் மகன்கூடப் படிக்கலாம். அந்தத் தாளைப் பிடித்தேன். இழுத்தும் பார்த்தேன். தையலின் மறுபக்கத்தில் அதன் ஜோடித் தாள் அசைந்தது. ஜூன் 13.

விட்டுவிட்டேன்.

மே 28-இல் ஒரு திருத்தம். "எனக்கும் அப்படித்தான் தெரியும்" என்று எழுதியிருக்கிறேன். 14-ஆம் தேதி சார் நோட்டை வாங்காதபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்பா மண்டியில் சொல்லிக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்காமல் இருந்தேன். அடிக்கவில்லை, அங்கே எழுதியது அங்கேயே இருக்கட்டும், இது இங்கே இருக்கட்டும்.

நியமனக் கடிதத்தையும், கையெழுத்துப் போடாத அந்தத் தாளையும் உறையில் போட்டாயிற்று. போகும் வழியில் சாரின் மேசையில் வைத்துவிட வேண்டும். அம்மாவிடம் மாலையில் பேச வேண்டும். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

பத்து மணிக்கு அக்காவும் ஷாகுல் அண்ணனும் விடுதி வாசலுக்கு வருவார்கள். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தேன். தாள் ஒன்றும் குறையவில்லை. கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில் பென்சிலால் எழுதினேன்.

ம.பூ. 21.6.19